வெள்ளைப் பானைகளோடு வெலிங்டன் ஏரிக்கரையில்

சனிக்கிழமை மதியம் இரண்டே காலுக்கு விருத்தாசலத்திலிருந்து திட்டக்குடி பஸ் புறப்பட்டது. என் மடியில் ஒரு அட்டைப்பெட்டி. அதில் வைக்கோல் சுற்றிய நான்கு வெள்ளைப் பானைகள். சொம்பு உயரம் இருக்கும். உள்ளே அகல் வைக்க இடம், பக்கத்தில் துளைகள், மேலே எண்ணெய் ஊற்ற ஒரு கிண்ணம். அகலின் சூட்டில் வேப்பெண்ணெயும் எலுமிச்சைப்புல் எண்ணெயும் மணக்கும். மணத்தில் பூச்சிகள் ஓட வேண்டும்.

வரைந்தது, வனைந்தது, மேலே பூசும் கண்ணாடிப் பூச்சான கிளேஸைக் கலந்தது எல்லாம் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். செராமிக் டிப்ளமோவில் என் வெள்ளை கிளேஸுக்குத் தனிப் பாராட்டு கிடைத்தது. பால் மாதிரி, ஒரு புள்ளி இல்லாமல் வரும்.

திட்டக்குடி தாண்டி, வெலிங்டன் ஏரிக்கரையில் ஒருவர் கூடாரங்கள் போட்டு, வெளியூர்க்காரர்களுக்கு வாடகைக்கு விடுகிறார். அங்கே பூச்சித் தொல்லை. பானை வேலை செய்தால் இருபது வாங்குவதாகச் சொல்லியிருந்தார். “ஆர்டர் வந்தா அச்சு போடலாம், நீ டிசைன் மேசைக்கு வந்துடலாம். வரலன்னா பழையபடி ஃபியூஸ் கட்டைக்கு கிளேஸ் முக்கு” என்று எங்கள் பீங்கான் ஆலை மேனேஜர் சொல்லி அனுப்பினார்.

துணைக்கு மேரி வந்தாள். பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கும் என் தோழி. அவள் பையில் ஐந்தாவதாக ஒரு பானை இருந்தது. முதல் சோதனைக்கு வனைந்து, சூளையில் ஒரே ஒரு சூடு போட்டு, துளையும் கிளேஸும் போடாமல் பழுப்பாகவே ஒதுக்கியது. எண்ணெய் பாட்டில் சாயாமலிருக்க அதற்குள் நிறுத்தியிருந்தாள்.

கண்டக்டர் பெட்டியைப் பார்த்தார். “உள்ள என்னாம்மா, சாமி செலயா?”

“கொசு விரட்டுற பானைங்க.”

“எங்க வூட்டுக்கு ஒண்ணு குடேன். அங்க கொசுதான் எங்கள விரட்டுது.”

மூன்று மணிக்குப் பெண்ணாடம். மேரி பையைத் திறந்து மூக்கைச் சுளித்தாள். பாட்டில் மூடி கழன்றிருந்தது.

“ஏய் சுமதி, முக்கா பாட்டிலு காணோம்டி! பை நனையவே இல்ல. எண்ணெ எங்க போச்சி?”

எனக்கும் புரியவில்லை. இன்னொரு பாட்டில் என்னிடம் இருந்ததால் அதைப் பற்றி மேலும் யோசிக்கவில்லை.

திட்டக்குடியிலிருந்து ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய். நான்கரைக்கு ஏரிக்கரை. வேப்பமரங்களுக்கு நடுவில் நான்கு பச்சைக் கூடாரங்கள். ஒரு இரவுக்கு ஆயிரத்து எண்ணூறு. உரிமையாளர் ராமலிங்கம் அண்ணனும் அவர் மனைவி விஜயா அக்காவும் டீ கொடுத்தார்கள்.

“வூட்டுல ஃபேனு, கொசுவலை எல்லாத்தையும் விட்டுட்டு, காசு குடுத்து இங்க வந்து கடி வாங்குறாங்க” என்றார் அக்கா. “எதுக்குன்னு எனக்கே புரியல.”

“நீ சும்மா இரு. அவங்க வரலன்னா நமக்கு என்னா இருக்குது?” என்றார் அண்ணன்.

ஐந்தே காலுக்குப் பாயை விரித்து, நான்கு பானைகளையும் என்னைச் சுற்றி வைத்து அகல் ஏற்றினேன். ஏரிக்காற்று இதமாக இருந்தது. அரை மணி நேரம் ஒரு பூச்சியும் வரவில்லை. அண்ணன் அசந்துபோனார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

“இன்னும் இருட்டவே இல்லடி” என்றாள் மேரி. அவள் தள்ளி, தன் பாயில் படுத்திருந்தாள். பாய் காற்றில் பறக்காமலிருக்க அந்தப் பழுப்புப் பானையைத் தலைமாட்டில் வைத்திருந்தாள்.

ஆறரைக்கு டியூப்லைட் எரிந்தது. பிறகு நடந்ததை எப்படிச் சொல்வது? பச்சைத் தத்துப்பூச்சி, சிறு வண்டு, பெயர் தெரியாத என்னென்னவோ வந்தன. வெளிச்சம்தான் காரணம் என்று டியூப்லைட்டை அணைக்கச் சொன்னேன். அணைத்ததும் அத்தனையும் என் பானைகளுக்கு வந்தன. அந்த இருட்டில் பளிச்சென்று இருந்தவை அவை மட்டும்தான். வெள்ளை கிளேஸில் தீபம் பட்டு மின்னியது. வண்டுகள் எண்ணெயில் விழுந்து நீந்தின. கொசு தனியாக வந்து கடித்தது. எண்ணெய் கூட்டினேன், குறைத்தேன், பானைகளைத் தள்ளி வைத்தேன், நெருக்கி வைத்தேன். எது எதனால் நடக்கிறது என்றே பிடிபடவில்லை.

மேரி சுகமாகப் படுத்திருந்தாள்.

“உன்ன கடிக்கல?”

“என்ன எந்தக் கொசுவும் கடிக்காதுடி. பொறந்ததுலேர்ந்து அப்பிடித்தான்.”

“அப்ப எடம் மாத்திக்க. இங்க வா.”

மாற்றிக்கொண்டோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. “அய்யோ மாதாவே!” என்று முழங்காலில் அறைந்துகொண்டாள். விஜயா அக்கா சிரித்துச் சிரித்துத் தூணைப் பிடித்துக்கொண்டார்.

அவள் பாயில் எனக்குக் கடி குறைந்தது. அடியோடு நிற்கவில்லை, குறைந்தது. தலைமாட்டிலிருந்து நெடி வந்தது. பழுப்புப் பானையைத் தொட்டேன். வெளிப்புறமெல்லாம் எண்ணெய் கசிந்து பிசுபிசுத்தது. பஸ்ஸில் காணாமல்போன முக்கால் பாட்டிலையும் அதுதான் குடித்திருந்தது. தீயில்லாமல், வெளிச்சமில்லாமல், உடம்பு முழுவதும் மணம் விட்டுக்கொண்டிருந்தது.

மண்பானை வியர்க்கும், ஊறுகாய் ஜாடி வியர்க்காது. கிளேஸ் மண்ணின் நுண்துளைகளை அடைத்துவிடும். பரீட்சையில் இதை எழுதி முழு மதிப்பெண் வாங்கியவள் நான். அப்படியிருந்தும் நான்கு பானைகளுக்கும் உள்ளும் புறமும் அழகாக அடைத்துக் கொண்டுவந்திருந்தேன்.

ஆனாலும் குழப்பம் தீரவில்லை. மேரியின் இடத்தில் காற்று கொஞ்சம் அதிகமோ? அங்கே இருட்டு அதிகம் என்பதால் இருக்குமோ? ஒரு மாலையில் எதை உறுதியாகச் சொல்வது?

எட்டு மணிக்கு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். அண்ணன் வெள்ளைப் பானை ஒன்றைத் தூக்கி, போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“போட்டோவுல சூப்பரா இருக்கும்மா. வேல செய்யுதுன்னு நீ ஒரு வார்த்த சொல்லு, இருவது எடுத்துக்குறேன். நீ படிச்ச புள்ள, நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்.”

மேரி என்னைப் பார்த்தாள். டிசைன் மேசைக்கும் எனக்கும் நடுவில் அந்த ஒரு வார்த்தைதான் இருந்தது. படித்த பிள்ளை என்று சொல்லாமல் கேட்டிருந்தால் ஒருவேளை சொல்லியிருப்பேன்.

“வெள்ள வேணாம்ண்ணே. அது பூச்சிய கூப்புடுது. இந்தப் பழுப்புதான் கொஞ்சம் தேவலன்னு தோணுது. அதுவும் நிச்சயமா தெரியாது.”

“இதா? பாதி செஞ்சு விட்டாப்ல இருக்குது.”

“நாந்தான் மிச்சத்தையும் செஞ்சு கெடுத்தேன்” என்றேன்.

அவர் யோசித்தார். “சரி, அதுல ரெண்டு அனுப்பு. ஒரு மாசம் வச்சுப் பாக்குறேன்.”

“அந்தப் பழச எங்கிட்ட குடுத்துட்டுப் போங்கடி. மாட்டுக்கொட்டாய்ல வக்கிறேன்” என்றார் அக்கா.

ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கிளம்பினோம். வந்த வழியே ஆட்டோ, பஸ். பெண்ணாடம் தாண்டும்போது என் கைகளை எண்ணினேன். மேரியின் பாயில் படுத்தபோது வெள்ளைப் பானைகள் பக்கம் இருந்த இடது கையில் பதினொரு தடிப்பு, பழுப்புப் பானை பக்கம் இருந்த வலது கையில் நான்கு. இரண்டையும் நோட்டில் எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

திங்கட்கிழமை காலை மேனேஜர் கேட்டார். “எத்தன?”

“ரெண்டு சார்.”

அவர் ஃபியூஸ் கட்டைத் தட்டைக் காட்டினார். உட்கார்ந்தேன். எதிரில் நானே கலக்கிய வெள்ளை கிளேஸ் வாளி. பக்கத்தில், சோதனைக்கு வனைந்து கிளேஸ் போடாமல் கிடந்தவற்றிலிருந்து ஏரிக்கரைக்கு அனுப்ப எடுத்து வைத்த இரண்டு பழுப்புப் பானைகள். கட்டைகளை ஒவ்வொன்றாக முக்கி எடுத்துக்கொண்டே வந்தேன். பழக்கத்தில் கை தானாகவே ஒரு பானையைத் தூக்கி வாளிக்கு மேல் கொண்டுபோனது. அங்கேயே கொஞ்ச நேரம் நின்றது. முக்காமல், கீழே வைத்தேன்.