அதிகாரி வண்டிக்கு வைத்த கட்டை

அந்த விமான நிலையத்தில் கட்டை அண்ணன் என்று கேட்டால்தான் ஆளைக் காட்டுவார்கள். சொந்தப் பெயரைச் சொன்னால் சம்பளப் பிரிவில்கூடக் கொஞ்சம் யோசிப்பார்கள். ஆள் ஒன்றும் குட்டை இல்லை. பேருந்தில் ஏறினால் குனிந்து நிற்க வேண்டிய உயரம். பயணிகளின் பெட்டிகளை ஏற்றிய டிராலிகளை இழுத்துப்போகும் டிராக்டரை ஓட்டுகிறவர். விமானத்துக்குப் பக்கத்தில் எந்த வண்டி ஆளில்லாமல் நின்றாலும் அதன் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ரப்பர்க் கட்டை வைத்துவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். தன் வண்டி, பிறத்தியார் வண்டி என்ற பேதமே கிடையாது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், காலி டிராலி ஒன்று காற்றுக்கே நகர்ந்து வந்து அவர் கணுக்காலில் மோதியது. மூன்று மாதம் மாவுக்கட்டு. "டிராலிக்குத்தான் கால் இல்லையேன்னு அலட்சியமா இருந்துட்டேன். அது என் காலை எடுத்துக்கப் பார்த்துச்சு" என்பார். அன்றிலிருந்து பிடித்த பழக்கம், வீடு வரைக்கும் தொற்றிக்கொண்டது. காஸ் சிலிண்டர் நிற்கும் சக்கரத் தட்டுக்குக்கூட ஒரு செங்கல்லை முட்டுக் கொடுத்து வைத்திருந்தார். அந்தச் செங்கல் அவர் மனைவியின் கால் விரலை இரண்டு முறை பதம் பார்த்திருக்கிறது. சிலிண்டர் மட்டும் இன்றுவரை யாரையும் இடித்ததில்லை.

மனைவிக்கு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் வேலை. விடிவதற்குள் கிளம்ப வேண்டும். சாயங்காலம் நாலு மணிக்கு வீட்டில் இருப்பாள். இவருக்கோ மதியம் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிப்ட். இவர் வரும்போது அவள் தூக்கத்தில், அவள் போகும்போது இவர் தூக்கத்தில். வார விடுமுறையாவது ஒத்துப்போகிறதா என்றால், அவளுக்கு ஞாயிறு, இவருக்குப் புதன்; அந்த நாட்களிலும் இரண்டு பேருக்கும் ஓவர்டைம். இப்படியே ஆறு வருஷம். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு போனில் குடித்தனம் நடத்திய ஜோடி அதுவாகத்தான் இருக்கும்.

அப்படியிருக்கையில் காலை ஷிப்டில் ஓர் இடம் காலியானது. கேட்டவர்கள் மூன்று பேர். "எல்லார் வேலையையும் நேர்ல பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணுவேன்" என்று சொல்லிவிட்டார் புதிதாக வந்த ஷிப்ட் அதிகாரி. செய்தி கேட்டதிலிருந்து மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. அதே குழுவில் பெட்டி இறக்கும் தன் தம்பியைப் பிடித்து, "மாமா வாயைக் கொடுத்து மாட்டிக்காம பார்த்துக்கடா" என்று பொறுப்பை ஒப்படைத்தாள். பாவம், வாயைக் காவல் காக்கச் சொன்னாளே தவிரக் கையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அதிகாரி ஒரு பிற்பகலில் வேனில் வந்தார். விமானத்துக்கு இருபது அடி தள்ளி நிறுத்தி இறங்கி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அந்தப் பக்கம் நடந்தார். பெட்டிகள் இறங்கி முடிந்திருந்தன. கட்டை அண்ணன் டிராக்டரை நோக்கிப் போகும் வழியில் வேன் நின்றது, ஆளில்லை. கை தன் வேலையைப் பார்த்தது. இடது பக்கப் பின்சக்கரத்துக்கு முன்னும் பின்னும் இருப்பதிலேயே பெரிய ஜோடியை இறுக்கி வைத்துவிட்டு, யார் வண்டி என்றுகூடப் பார்க்காமல் பெட்டிகளை இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

திரும்பி வரும்போது வேனைச் சுற்றிக் கூட்டம். இன்ஜின் மூடி திறந்து கிடந்தது. மெக்கானிக் தலையை உள்ளே விட்டுக்கொண்டு, "கிளட்ச் போயிடுச்சு சார்" என்றார். இன்ஜினைத் தவிர வேறெதையும் பார்க்கிற வழக்கம் அவருக்கு இல்லை. அதிகாரி ஏறி மிதிப்பதும், வேன் உறுமிவிட்டு நின்ற இடத்திலேயே நிற்பதும் கால் மணி நேரமாக நடக்கிறதாம். மச்சினன் ஓடி வந்து காதைக் கடித்தான்.

"மாமா, உங்க கட்டைதான். யாரும் கவனிக்கல. நான் காலால தள்ளி விட்டுடறேன், நீங்க பேசாம நில்லுங்க."

"அவர் மிதிச்சுக்கிட்டு இருக்கும்போதா? வண்டி பாய்ஞ்சா நேரா விமானத்துல போய் இடிக்கும்டா."

அண்ணன் நேராக ஓட்டுநர் ஜன்னலுக்குப் போனார். "சார், இன்ஜினை ஆஃப் பண்ணுங்க. வண்டிக்கு ஒண்ணுமில்ல, கட்டை இருக்கு."

அதிகாரி இறங்கி, சுற்றி வந்து பார்த்தார். மெக்கானிக் சத்தமில்லாமல் மூடியைச் சாத்தினார்.

"யார் வச்சது?"

"நான்தான் சார். ஆளில்லாத வண்டிக்குக் கட்டை வைக்கணும். நீங்க வைக்கல."

"வைக்கலேன்னா சீட்டு எழுதணும்னும் விதி இருக்கே. எழுதினியா?"

அது கோபமா, கிண்டலா என்று புரியவில்லை. யார் தவறு செய்தாலும் பார்த்தவர் எழுத வேண்டிய மஞ்சள் சீட்டுப் புத்தகம் ஒவ்வொரு டிராக்டரிலும் இருந்தது. அதிகாரி பேரில் எழுதியதாகச் சரித்திரம் இல்லை. காலை ஷிப்ட் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது; எழுதப்போவது அதைக் கொடுக்க வேண்டியவர் பேரில். மச்சினன் தூரத்தில் இருந்து இரண்டு கையையும் கூப்பிக் காட்டினான்.

அண்ணன் புத்தகத்தை எடுத்து எழுதினார். அதிகாரி கையெழுத்துப் போடக் கையை நீட்டினார்.

"கொஞ்சம் இருங்க சார். ரெண்டாவதா ஒண்ணு இருக்கு."

"இன்னும் என்ன?"

"வண்டியை எடுக்கறதுக்கு முன்னாடி ஒரு சுத்து சுத்திப் பார்க்கணும். பார்த்திருந்தா கட்டை கண்ணுல பட்டிருக்கும்."

மச்சினன் தலையில் கை வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டான். அதிகாரி இரண்டையும் படித்து, கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

அந்த வாரம் முழுக்க மனைவி போனில் பேசவில்லை. நியாயம்தான், அவளுக்கும் ஆறு வருஷம். அண்ணனுக்கும் உள்ளுக்குள் அழுகைதான். ஆனால் சீட்டைக் கிழித்துப்போட வேண்டும் என்று மட்டும் ஒரு நாளும் தோன்றவில்லை.

திங்கட்கிழமை அதிகாரி அவரைக் கூப்பிட்டு அனுப்பினார். "நாளையிலேருந்து காலை ஷிப்டுக்கு வா."

"சார்... அந்தச் சீட்டு..."

"அதுக்குத்தான். ஆபீசருங்க வண்டியெல்லாம் காலையிலதான் வருது. அவங்களுக்கும் யாராவது எழுதணும்ல?"

மறுநாள் மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்து குளித்து, சட்டை மாற்றி, மாப்பிள்ளை மாதிரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாலு மணிக்குத் தெருமுனையில் மனைவி வந்தாள். வெயில் நேராக அவர் மேல் அடித்தது. கேட்டருகே நின்றவள், உள்ளே வராமல் அவரையே உற்றுப் பார்த்தாள்.

"என்னங்க, தலை இவ்வளவு நரைச்சுப் போச்சே! எப்போ?"

"நீ தூங்கறப்போ" என்றார்.