பேரிக்காய் லேபிளும் பதினோரு பெட்டிகளும்

வத்தலக்குண்டில் டீ குடிக்க வேனை நிறுத்தினோம். பின்கதவைத் திறந்து பார்த்தேன். பார்த்த வேகத்தில் மூடிவிட்டேன்.

உள்ளே பதினோரு காகிதப் பெட்டிகள். விடியற்காலை கொடைக்கானல் மலைமேல் பூண்டியில் ஏற்றும்போது ஒவ்வொரு மூடியும் கச்சிதமாக உட்கார்ந்திருந்தது. இப்போது பதினொன்றும் சுட்ட அப்பளம் மாதிரி ஓரம் தூக்கிக்கொண்டு நின்றன.

அன்று சாயங்காலம் நாலரை மணிக்குத் திண்டுக்கல்லில் நிச்சயதார்த்தம். பெண் வீட்டுச் சீர் அந்தப் பெட்டிகளில்தான் போக வேண்டும். அவற்றைச் செய்தவள் நான்.

கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

எனக்குக் காகிதப் பைத்தியம் உண்டு. பிறந்தது கோவில்பட்டிப் பக்கம். ஐந்தாம் வகுப்பு படிக்கும்போதே வீட்டில் தீப்பெட்டி ஒட்டினோம். பசையில் எட்டு விரலும் படிப்பில் இரண்டு விரலுமாக இருந்தால் பள்ளிக்கூடம் எத்தனை நாள் தாங்கும்? எட்டாவதோடு முடிந்தது. அதற்குப் பிறகு திருப்பூர், சிவகாசி, மூணாறு என்று சுற்றி, கடைசியில் இந்த மலைக்கு வந்தேன். ஒரு ஹோம்ஸ்டேயில் அறை சுத்தம் செய்கிறேன். மிச்ச நேரத்தில் பழைய காகிதம் தேடுகிறேன்.

போன சீசனில் அங்கே தங்கிய பிரெஞ்சுக்கார அம்மா ஒருவர் போனில் படம் காட்டினார். அவர்கள் ஊர்க் கிராமங்களில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழைய சாமான் சந்தை கூடுமாம். பழைய கடிதம், பொத்தான், சீசா லேபிள்... பெரிய மனிதர்கள் எல்லாம் குனிந்து குனிந்து தேடுகிறார்கள். எனக்கு ஒரே ஆறுதல். உலகத்தில் நான் மட்டும் இல்லை!

எனக்குச் சந்தை, கொடைக்கானல் பஜாரில் இருக்கும் காதர் பாய் கடை. பழைய இரும்பு, பிளாஸ்டிக், பேப்பர் எடைக்கு எடுப்பவர். எங்களுக்குள் ஓர் ஏற்பாடு — நான் ஹோம்ஸ்டேயின் பழைய செய்தித்தாளைக் கொண்டுபோவேன். அதே எடைக்குப் பிடித்த காகிதத்தைப் பொறுக்கிக்கொள்வேன்.

மூன்று மாதத்துக்கு முன்னால் பாய் போன் செய்தார்.

“கவுஞ்சிப் பக்கம் ஒரு பழைய பங்களாவப் பிரிச்சேன்க்கா. தகரமும் கதவு நெலையும் எனக்கு. ட்ரங்குப் பெட்டி நெறய பேப்பரு கெடக்கு. வெரசா வாங்க, எலி முந்திக்கிரும்.”

“என்ன பேப்பர், பாய்?”

“ஏதோ காய் படம் போட்டிருக்கு. ஒங்களுக்குத்தான் கிறுக்குல்ல, வந்து பாருங்க.”

பார்த்தேன். கட்டுக் கட்டாக லேபிள்கள். பழத்தோட்டக்காரர்கள் மரப்பெட்டியில் ஒட்டுவதற்காக அந்தக் காலத்தில் அச்சடித்தவை. ஒட்டாமலே கிடந்திருக்கின்றன. நடுவில் மஞ்சள் பேரிக்காய், பின்னால் நீலமலை, காம்பில் ஒரே ஓர் இலை. அந்த மஞ்சள் இருக்கிறதே... இன்றைய பிரிண்டரிடம் கேட்டுப் பாருங்கள், கையெடுத்துக் கும்பிடும். தோட்டத்தின் பெயரை மட்டும் எலி தின்றிருந்தது.

அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தேன். பக்கத்து சீட்டுக்காரர் “கொழந்தைக்குக் காய்ச்சலா?” என்று கேட்கவில்லை, அவ்வளவுதான்.

அந்த வாரம்தான் ராசாத்தி அக்கா என்னைத் தேடி வந்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பிவந்த குடும்பம். பூண்டியில் பூண்டு, கேரட் வயல்களில் கூலி வேலை. மகள் மாலதி திண்டுக்கல்லில் ஜவுளிக்கடையில் இருக்கிறாள். அங்கேயே மாப்பிள்ளை அமைந்துவிட்டது. நிச்சயம் பேசப் போன இடத்தில் மாப்பிள்ளையின் அத்தை சிரித்துக்கொண்டே கேட்டாராம்: “நாங்க இருவத்தொரு தட்டு வைப்போம். நீங்க மலையில இருந்து என்னத்தம்மா கொண்டாருவீங்க, பூண்டா?”

எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அக்காவும் சிரித்திருக்கிறார். வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சிரிப்பு அவரை விடவில்லை.

“பதினொன்னு வைக்கிறேன்னு சொல்லிட்டேன் தங்கச்சி. அவங்களோட போட்டி போட நமக்கு ஏலாது. ஆனா என் புள்ள அந்த வீட்டுல தல குனிஞ்சு நொழையக் கூடாது. யாரும் பார்க்காததா ஒன்னு செய்ய ஏலுமா?”

“ஏலும்” என்றேன். அவருடைய சொல்லிலேயே.

அந்த லேபிள்களைத் தொடக்கூட மனம் வராமல் வைத்திருந்தேன். ஆனாலும் எடுத்தேன். கெட்டி அட்டையில் பதினோரு பெட்டி. மேலே பேரிக்காய் லேபிள்கள், விளிம்பில் பழைய கணக்கு நோட்டின் நீலக்கோட்டுத் தாள். பசையில் பூச்சி அரிக்காமல் இருக்கத் துளி மயில்துத்தம். ஆடி மாத மூடுபனிக்குள் உட்கார்ந்து, ஒரு மாதம் ஒட்டினேன். முடிந்ததும் அக்கா ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தார். சேலையில் கையைத் துடைத்துவிட்டு மறுபடி எடுத்துப் பார்த்தார்.

இப்போது வத்தலக்குண்டுக்கு வந்துவிட்டோம்.

என்ன தப்பு? டீயைக் குடிக்காமல் யோசித்தேன். கோவில்பட்டி கரிசல் காடு. அங்கே ஒட்டினால் காய்ந்தது காய்ந்ததுதான். மலையில் ஆடி மாதம் காற்றே ஈரம். காய்ந்துவிட்டது என்று நான் நினைத்த காகிதம் அரைகுறையாகத்தான் காய்ந்திருக்கிறது. கீழே சமவெளி வெயில் பட்டதும் அது மிச்ச ஈரத்தையும் விட்டுச் சுருங்கி, அட்டையைத் தன் பக்கம் இழுத்துவிட்டது. மேலே மட்டும் ஒட்டியிருந்தேன். உள்ளே வெறும் அட்டை. தீப்பெட்டிக்கு யார் உள்ளே ஒட்டுவார்கள்? அந்தப் பழக்கம் இங்கே வந்து காலை வாரியது.

வழி ஒன்றுதான். உள்பக்கமும் காகிதம் ஒட்ட வேண்டும். அது காயும்போது அந்தப் பக்கம் இழுக்கும். இரண்டு இழுப்பும் சரிக்குச் சரி நின்றால் மூடி நிமிரும்.

பதினோரு மணிக்குத் திண்டுக்கல் மண்டபம். நேராகச் சமையல்கட்டுக்குப் போனேன்.

“மாஸ்டர், ரெண்டு கை மைதா வேணும்.”

“பரோட்டாவா? மெனுவுல இல்லையேம்மா.”

“பசை காய்ச்சணும்ணே.”

அவர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு மாவைக் கொடுத்தார். சரி, காகிதம்? பதினோரு மூடிக்கு ஒரே மாதிரிக் காகிதத்துக்கு நான் எங்கே போவேன்? பந்தி மேசையில் விரிக்கிற வெள்ளை பேப்பர் ரோல் மூலையில் நின்றது. இழுத்து வெட்டினேன்.

ராசாத்தி அக்கா வெட்ட, நான் ஒட்ட, மாலதியும் பட்டுப்புடவையைக் கட்டாமல் நைட்டியோடு வந்து உட்கார்ந்துவிட்டாள்.

“போ புள்ள, போய் அலங்காரம் பண்ணு!”

“மூடி வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கும்போது எனக்கு என்னம்மா அலங்காரம்?”

முக்கால் மணி நேரம் வெயிலில் காட்டினோம். திண்டுக்கல் வெயிலை நான் திட்டாத நாள் அது ஒன்றுதான். இனி அரை ஈரத்தில் பாரம் ஏற்ற வேண்டும். வராந்தாவில் மூடிகளை வரிசையாக அடுக்கி, மேலே ஒரு பெஞ்சுப் பலகையைப் போட்டு, போர்வையை விரித்தேன். அரிசி மூட்டை எடுத்து வரத் திரும்பினேன். திரும்பி வந்தால்...

மாப்பிள்ளையின் அத்தை அதன்மேல் உட்கார்ந்திருக்கிறார்!

அவர்கள் வீட்டுத் தட்டுகளைக் கொண்டுவந்து இறக்கிவிட்டு, களைத்துப்போய் உட்கார்ந்துவிட்டார். நல்ல வாட்டசாட்டமான உடம்பு. கையில் போன். “ஏலே, ஐஸ்கிரீம் பெட்டி எங்கடா கெடக்கு?” என்று யாரையோ விரட்டிக்கொண்டிருந்தார்.

எழுந்திருங்கள் என்று சொன்னால் ஏன் என்பார். போர்வையைத் தூக்கிக் காட்ட வேண்டும். ஒட்டுப்போட்ட மூடிகளை, பெண் வீடு காட்டக் கூடாத ஆளிடம் காட்ட வேண்டும்.

ராசாத்தி அக்கா என் காதில் சொன்னார்:

“எழுப்பிடாத தங்கச்சி. நல்ல வெயிட்டு.”

அக்காவே இரண்டு தடவை டீ கொண்டுபோய்க் கொடுத்தார். மூன்றாவது தடவை வடை. ஒரு மணி நேரத்துக்கு மேல் அந்த அம்மாள் அசையவில்லை. அவர் எழுந்துபோன பிறகு பலகையைத் தூக்கினேன்.

பதினொன்றும் கோயில் தளக்கல் மாதிரி தட்டையாகக் கிடந்தன.

நாலரை மணிக்கு மேடையில் இரண்டு வரிசை. அந்தப் பக்கம் இருபத்தொரு தட்டு — தெர்மாகோல் அன்னம், ஜிகினா, நெட் துணி. இந்தப் பக்கம் பதினோரு பெட்டி, மலையும் மஞ்சள் பேரிக்காயும். போட்டோகிராபர் எந்தப் பக்கம் குனிந்தார் என்று சொல்ல மாட்டேன். தற்பெருமை ஆகிவிடும். சரி... இந்தப் பக்கம்தான்.

அத்தை ஒரு பெட்டியை எடுத்தார். மூடியைத் திறந்தார், மூடினார். மறுபடி திறந்தார். உள்ளே ஒட்டியிருந்த வெள்ளைக் காகிதத்தைத் தடவினார்.

“உள்ளயும் எம்புட்டு நேர்த்தியா செஞ்சிருக்காக! எந்தக் கடையில வாங்குனீங்க, மதினி?”

மதினி என்று அவர் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

“கடையில இல்லங்க. எங்க மலையில செஞ்சது. இந்தா, செஞ்ச ஆளு நிக்கிறா” என்று ராசாத்தி அக்கா என் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார். நகத்தில் பசை காய்ந்திருந்தது. நான் மறைக்கவில்லை. பக்கத்தில் மாலதி நின்றாள், தலை நிமிர்ந்து.

எத்தனையோ ஊரில் எத்தனையோ வேலை பார்த்திருக்கிறேன். செய்தவள் யார் என்று கேட்டு யாரும் என்னை முன்னால் நிறுத்தியதில்லை. தீப்பெட்டியில் கம்பெனி பெயர்தான் இருக்கும், இல்லையா?

சீர் வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பித் தரக் கூடாது என்பது வழக்கம். ஏதாவது வைத்துத்தான் தர வேண்டும். ராத்திரி வேன் கிளம்பும்போது அத்தை ஆள் மூலம் பழமும் வெற்றிலையும் அனுப்பினார் — பதினோரு புத்தம்புது எவர்சில்வர் தட்டில். பெட்டிகள்? ஒன்றுகூட வரவில்லை.

பழைய துணியைப் போட்டுப் பாத்திரம் வாங்கியவர்களை எனக்கு நிறையத் தெரியும். பழைய பேப்பரைப் போட்டு வாங்கியவள், தெரிந்தவரை, நான் ஒருத்திதான்!