விழுப்புரத்துக்கு லீவு

மூன்று வருடத்துக்கு முந்தைய ஒரு கார்த்திகை மாதம். கல்வராயன் மலையில் ஓர் அரசுப் பள்ளியில் எட்டாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். ஊர் நூலகரும் நானும் கூட்டுச் சேர்ந்து, வாரத்தில் ஒரு பீரியட் வகுப்பையே நூலகத்துக்கு அழைத்துப் போவோம். வீட்டுப் போனில் வந்த செய்தி எதையாவது பிள்ளைகள் எழுதிக்கொண்டு வருவார்கள். நான் அதைப் பாடத்தோடு சேர்த்துக் கேள்வியாக்குவேன்; நிஜமா பொய்யா என்று பேப்பரிலும் புத்தகத்திலும் தேட அவர் சொல்லித்தருவார். யார் சொன்னது, எப்போது, எந்த ஊருக்கு என்று பார்க்காமல் எதையும் நம்பவிட மாட்டார். விடையை மட்டும் வாய் திறந்து சொல்ல மாட்டார், அப்படி ஓர் அழுத்தக்காரர். “போர்ஷன எப்ப முடிப்பீங்க?” என்று சக ஆசிரியர்கள் கிண்டலடிப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை கள்ளக்குறிச்சியில் உதவித்தொகைத் தேர்வு. என் வகுப்பில் ஐந்து பேர் எழுத வேண்டும்; மலையிலிருந்து அழைத்துப் போக ஒரு ஜீப் பேசியிருந்தேன். அதில் ஒரு பெண்ணுக்கு அது வாழ்க்கைப் பிரச்சினை. தேர்வானால் படிப்பு, இல்லையென்றால் எங்களோடு கேரளாவுக்கு மிளகு பறிக்க வந்துவிடு என்று வீட்டில் முடிவாகச் சொல்லிவிட்டார்கள்.

விடிய விடிய மழை. காலையில் ஆசிரியர் குரூப்பைத் திறந்தால், ‘கனமழை, பள்ளிகளுக்கு விடுமுறை, தேர்வுகள் தள்ளிவைப்பு’. அப்பாடா என்று போர்வையை இழுத்துக்கொண்டேன். அப்போதுதான் அந்தப் பெண் போன் செய்தாள்.

“மிஸ், ஜீப் இன்னும் வரல.”

“இன்னிக்கு லீவும்மா. பரீட்சைய தள்ளி வெச்சுட்டாங்க.”

“உங்களுக்கு யாரு சொன்னாங்க மிஸ்?”

சுருக்கென்றது. மிஸ்ஸையே கேட்கிறாளே என்று கோபம்கூட வந்தது. குரூப்பில் வந்தது என்றேன்.

“எங்கப்பா போனுக்கும் வந்துச்சு மிஸ். அது விழுப்புரத்துக்கு. நம்ம மாவட்டத்துக்கு ஒண்ணும் வரல. லைப்ரரி சாருக்குச் சொல்லிட்டேன், அவரு சென்டர்ல விசாரிச்சிக்கினு இருக்காரு.”

குரூப்பை மறுபடி திறந்து பார்த்தேன்; விழுப்புரம் மாவட்டம் என்றுதான் இருந்தது. விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்து இத்தனை வருடமாகியும் இங்கே பலருக்கு விழுப்புரம் என்றால் நம் ஊர்தான். சமூக அறிவியல் எடுக்கிற எனக்கும் அது உறைக்கவில்லை! அதற்குள் நூலகரே கூப்பிட்டார். தேர்வு உண்டாம்.

ஜீப்காரரும் அதே செய்தியைப் பார்த்துவிட்டுப் படுத்திருந்தார். “இன்னா மிஸ், விழுப்புரம்னா நம்மளும்தான?” என்றார்.

“அது அப்போ அண்ணா, இப்ப நம்ம மாவட்டம் வேற. வண்டிய எடுங்க” என்று கெஞ்சினேன்.

மழையில் ஒவ்வொரு வளைவிலும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறங்கினோம். கேட்டை மூடப்போகிற நேரத்தில் ஐந்து பேரும் உள்ளே ஓடினார்கள். வெளியே நனைந்தபடி நின்ற எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவள் தேர்வானாள். இப்போது பதினொன்றாம் வகுப்பு படிக்கிறாள். டீச்சரை எதிர்க்கேள்வி கேட்டால் வாய்க்கொழுப்பு என்று கேட்டு வளர்ந்தவள் நான். அன்று அவள் ‘மிஸ் சொன்னா சரி’ என்று போனை வைத்திருந்தால் அவள் படிப்பை நானே நிறுத்தியிருப்பேன் என்ற நினைப்பு, ‘அடக்கமான பிள்ளை’ என்று யாரையாவது பாராட்ட வாயெடுக்கும்போதெல்லாம் என்னைத் தடுத்துவிடுகிறது.