பாம்புக் கடையில் போன மானம்

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். இன்று இங்கே அமெரிக்காவில், பிளானோவில் ஒரு பாம்புக் கடையில் நான் போட்ட கூச்சலுக்குக் கடையே திரும்பிப் பார்த்தது.

மகளுக்குப் பாம்பு வளர்க்க ஆசை. பயந்து வீட்டிலேயே தங்கிவிட்ட மனைவியை வழியெல்லாம் கிண்டலடித்துக்கொண்டே போனேன்.

எங்கள் பழைய மீன்தொட்டிக்குள் அடங்குகிற சின்ன ஜாதி வேண்டும் என்றோம். கடைக்கார அம்மா நம்மூர் மண்ணுளி மாதிரியே ஒன்றை எடுத்து மகள் கையில் வைத்தார். அது நாக்கை நீட்டியது.

"ஐயோ, நக்குதுடி! குஷ்டம் வந்துரும், கீழ போடு!"

மண்ணுளி நக்கினால் குஷ்டம் வரும் என்று நீங்களும் கேட்டிருப்பீர்கள். இல்லையென்று பொய் சொல்லாதீர்கள்.

"அப்பா, இட்ஸ் ஜஸ்ட் ஸ்மெல்லிங் மீ," என்றாள் மகள், தலை குனிந்தபடி.

கடைக்கார அம்மா பாம்பைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பயப்படுகிற வீட்டுக்குத் தரமாட்டாராம். மகளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூசியது.

"கிவ் மேடம், ஐ ஹோல்ட்," என்று இரண்டு கையையும் நீட்டினேன்.

அவர் யோசித்துவிட்டுத் தந்தார். பில் போட்டு முடிக்கும்வரை பாம்பை நான்தான் பிடித்திருந்தேன். அதற்குள் அது என் சட்டைப் பைக்குள் நுழைந்து, அங்கேயே வெளிக்குப் போய்விட்டது.