வீதிக்குத் தெரியாத சோலார்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் உடுப்பிட்டியில் நான் கட்டிய வீட்டைப் போல இன்னொரு வீடு இல்லை. அதை மற்றவர்கள் சொல்லாவிட்டாலும் நானே சொல்வேன். என் மனைவி மூச்சுக்கு ஒட்சிசன் மெசினை நம்பியிருப்பவள். கரண்ட் நின்றால் எனக்கு உயிர் போய் வரும். அவளுக்காகத்தான் அரசாங்கம் சோலாரும் பற்றரியும் தந்தது.

அதைக் கூரையில் பூட்ட வந்தவள் ஒரு பெண். மெலிந்த உடம்பு, முழுக்கைச் சட்டை, பனையோலைத் தொப்பி. எதைக் கேட்டாலும் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வாள்.

"பிள்ளை, முன்கூரையிலை பூட்டு. வீதியாலை போறவை பார்க்கட்டும்" என்றேன்.

வானத்தைப் பார்த்தாள். "உங்கடை வாசல் வடக்கெல்லோ, ஐயா. வெயில் கூட விழுறது பின்னாலை, குசினிக்கு மேலை."

"அங்கை பூட்டினால் ஆர் காணுறது?"

"மூச்சு முட்டுறது வீதியாலை போறவைக்கே?"

உள்ளே என் மனைவி இருமிக்கொண்டே சிரித்தாள். "இன்னும் நல்லாக் கேள், பிள்ளை."

"ஏணியைப் பிடியுங்கோ, ஐயா" என்றாள் அந்தப் பெண். பிடித்தேன்.

போன கிழமை மத்தியானம் ஊர் முழுக்கக் கரண்ட் போனது. எங்கள் வீட்டு மெசின் நிற்கவில்லை. மனைவி அதுகூடத் தெரியாமல் குறட்டை விட்டு நித்திரை கொண்டாள்.

எத்தனையோ மேசன்மாரை மேய்த்தவன் நான். ஒருவனும் என்னை ஏணி பிடிக்கச் சொன்னதில்லை. அந்தப் பெண் சொன்னதும் மறுபேச்சில்லாமல் ஏன் பிடித்தேன் என்று இன்றுவரை விளங்கவில்லை. இன்னொருமுறை வந்தாலும் பிடிப்பேன்.