நிதானத்தின் வயிற்றெரிச்சல்

இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டி ஒரு கோழிக்குஞ்சைக்கூட இடிக்காதவர் என்பதால், பணிமனையில் அவருக்கு ‘நிதானம்’ என்றே பெயர். ஓய்வு பெற்ற கையோடு வேறொரு வேலை கிடைத்தது. தானாக ஓடும் காரின் சோதனை ஓட்டத்தில், ஓட்டுநர் இருக்கையில் ஓட்டாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். வண்டி தடுமாறினால் மட்டும் பிரேக்கில் காலை வைக்கலாம். ஐந்து மாதமாகக் கால் சும்மா கிடந்தது, வயிறுதான் எரிந்தது.

எரியாதா பின்னே? ஓரமாக நிற்பவர் சாலையில் இறங்குவாரா மாட்டாரா என்று தோளைப் பார்த்தே சொல்லிவிடுவார் அவர். நேற்று முளைத்த வண்டி அதையே அலட்டிக்கொள்ளாமல் செய்கிறது. போதாக்குறைக்கு வீட்டில் மனைவி வேறு.

“ரோட்டுல போறவங்க மனசுல இருக்கிறது அதுக்குத் தெரியுதாமே! கூடவே இருக்கிற உங்களுக்கு ஒருநாளாவது தெரிஞ்சிருக்கா?”

அன்று காலை, அவருடைய தெருமுனையிலேயே வண்டி வேகத்தைக் குறைத்தது. நடைபாதை விளிம்பில் கைப்பையோடு நின்றவள் அவர் மனைவியேதான்.

“அந்தம்மா குறுக்க வருவாங்கன்னு வண்டி சொல்லுது,” என்றாள் பின்சீட்டில் இருந்த பொறியாளர்.

நிதானத்துக்குச் சிரிப்பு வந்தது. வீட்டைப் பூட்டினோமா என்ற சந்தேகத்தில், அந்த முனையிலிருந்து ஒருமுறை திரும்பி ஓடாமல் அவள் சாலையைக் கடந்ததே கிடையாது.

“வர மாட்டாம்மா. என் பொண்டாட்டி அவ. முப்பது வருஷமா பாக்கிறேன்.”

வண்டி வீணாகத் தயங்கியது என்று இன்றைக்கு அவள் அறிக்கையில் எழுத வைத்தே தீருவது என ஆக்ஸிலரேட்டரை மிதித்தார்.

அவள் திரும்பவில்லை. நேரே குறுக்கே வந்துவிட்டாள். பிரேக்கின்மேல் ஏறி நின்றார். அவளுக்கு ஒரு முழம் தள்ளி வண்டி நின்றது.

அவள் ஜன்னலருகே வந்தாள். “உசிரே போயிடுச்சுங்க! நல்லவேளை, டக்குனு நின்னுடுச்சு. வண்டின்னா இதுதான் வண்டி!”

“பூட்டைப் பாக்க நீ திரும்பிப் போகலையா?”

“அதை விட்டு ரெண்டு மாசமாச்சே. பூட்டினதும் ஃபோன்ல ஒரு படம் எடுத்து வெச்சுக்கிறேன். உங்ககிட்ட சொன்னேன். நீங்கதான் இந்த வண்டியத் திட்டிக்கிட்டே இருந்தீங்க.”

காரின் முகப்பைச் செல்லமாகத் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தாள். அவர் முதுகை அவள் அப்படித் தட்டியதே இல்லை. பிரேக் போட்டது நான்தான் என்று வாய்வரை வந்தது. ஆக்ஸிலரேட்டரை மிதித்தது யாரென்று அடுத்த கேள்வி வருமே என்று விழுங்கிக்கொண்டார்.

பின்சீட்டில் பொறியாளர் அறிக்கையைத் திறந்தாள். “ஐயா, நீங்க ஆக்ஸிலரேட்டரை மிதிச்சதுக்குக் காரணம்னு என்ன எழுதட்டும்?”

அவர் போகிறவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“பொறாமைன்னு எழுதும்மா.”