வெள்ளைப் பூ என்று சொன்னேன்

எனக்குப் போனில் பேசப் பயம். கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்வதென்றால்கூட வீட்டுக்காரர் வரட்டும் என்று காத்திருப்பேன். முகம் தெரியாத யாரோ அந்தப் பக்கம் "சொல்லுங்க" என்றதும் என் வாய் தானாகச் "சரிங்க, சரிங்க" என்று ஆரம்பித்துவிடும். எதற்குச் சரி சொன்னேன் என்பது போனை வைத்த பிறகுதான் தெரியும். பத்தாவது வரை படித்தேன். அவிநாசிப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் மேசையில் பல வருடமாக நிற்கிறேன். தைத்து வரும் துணியைத் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ நூல் இழுப்போ இருந்தால் அந்த இடத்தில் ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். யாரோடும் பேச வேண்டியதில்லை. அதனாலேயே எனக்கு அந்த வேலை பிடிக்கும்.

இப்படிப்பட்டவளுக்குப் பிறந்த பெண் டிவியில் பாடினாள். கல்லூரியில் முதல் வருடம் படிக்கும்போது ஒரு பாட்டுப் போட்டிக்குத் தேர்வாகி, ஒவ்வொரு சுற்றாகத் தாண்டிக் கடைசி ஐந்து பேரில் ஒருத்தியாக வந்துவிட்டாள். அந்த முறை இறுதிச் சுற்றைக் கோயம்புத்தூரிலேயே, பெரிய மைதானத்தில் மேடை போட்டு நேரலையாக நடத்தப்போவதாகச் சொன்னார்கள். எங்கள் கம்பெனியில் அன்று அரை நாள் லீவு விட்டு, எல்லோரையும் பஸ்ஸில் கூட்டிப் போவதாக முதலாளியே அறிவித்துவிட்டார்.

அதற்குப் பத்து நாள் முன்னால் மகளுக்குக் குரல் கம்மியது. சளி என்று நினைத்தோம். கோவையில் தொண்டை டாக்டரிடம் காட்டினோம். அவர் ஒரு சின்னக் குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, குரல்வளையில் வீக்கம் இருக்கிறது என்றார். இரண்டு வாரம் பாடவும் கூடாது, பேசவும் கூடாது.

"பைனல்ஸ் இருக்குதுங்களே சார்" என்று நான் எப்படியோ கேட்டுவிட்டேன்.

"பாடுனா கொரல் போயிரும்னு நான் சொல்லலீங்கம்மா. போகாதுன்னும் சொல்ல மாட்டேன். இந்த வீக்கத்தோட மேல புடிச்சு இழுத்தா ரத்தம் கட்டிக்கும். அப்பறம் வர்றது வேற கொரலாத்தான் இருக்கும். நீங்களே பேசி முடிவு பண்ணிக்கங்க."

வீட்டில் பேசி முடிவு பண்ண யார் இருந்தார்கள்? மகள் பேசக் கூடாது. வீட்டுக்காரர் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போயிருந்தார். மூன்று நாள் நாங்கள் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. நான்காம் நாள் காலை அவள் போனில் எழுதி என் கையில் கொடுத்தாள். 'என்னால முடிவு பண்ண முடியலம்மா. நீ கோயில்ல பூக் கேட்டுட்டு வா. எது வந்தாலும் சரி. நான் அழ மாட்டேன்.'

எங்கள் பக்கம் எதற்கும் பூக் கேட்போம். வெள்ளைப் பூ ஒன்று, செவ்வரளி ஒன்று. இரண்டையும் ஒரே மாதிரி காகிதத்தில் மடித்து நூல் சுற்றி அம்மன் காலடியில் குலுக்கிப் போடுவார்கள். மனதில் இருப்பதைச் சொல்லிக் கும்பிட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் செய்யலாம். சிவப்பு வந்தால் கூடாது. என் கல்யாணமே அப்படித்தான் முடிவானது. சிவப்பு வந்த பிறகும் பிடிவாதமாகத் தோட்டத்தில் போர்வெல் போட்ட என் பெரியப்பாவுக்குத் தண்ணீர் வரவில்லை, வெறும் புழுதிதான் புகையாக வந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்து நானும் அந்தக் கூட்டத்தில் நின்று பார்த்திருக்கிறேன். வெள்ளைப் புழுதி அவர் தலையிலும் மீசையிலும் படிந்துகொண்டே இருந்தது. அவர் துடைக்கவே இல்லை.

பூசாரிக்கு என்னைப் பார்த்ததும் சந்தோஷம்.

"ஏனுங்க அம்மணி, புள்ளைக்குத்தானுங்களே? நானே தவறாம ஓட்டுப் போட்டுட்டு இருக்கறனுங்க. வெள்ளைதான் வரும், பயப்படாம எடுங்க."

பாடலாமா அம்மா என்று மட்டும் கேட்டேன். எடுத்தேன். நூலைப் பிரிக்க என் விரல் வரவில்லை. அவர்தான் வாங்கிப் பிரித்தார். சிவப்பு.

"அம்மா வேண்டாங்கறா. இன்னொருக்கா கேக்கக் கூடாதுங்க, கோவிச்சுக்குவா" என்றார். விபூதியைக் கொடுத்துவிட்டு, "அப்ப என்ற ஓட்டெல்லாம் வீணுங்களா?" என்று தனக்குள் கேட்டுக்கொண்டார்.

பூவை முந்தானையில் முடிந்துகொண்டு நடந்தேன். எங்கள் வீதி முனையில் ஏணி போட்டு பிளக்ஸ் கட்டிக்கொண்டிருந்தார்கள். என் மகளின் முகம் ஒரு கதவு அகலத்துக்குச் சிரித்தது. கயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தவர், "அம்மணி, நேரா இருக்குதுங்களா பாருங்க" என்றார். நேராக இல்லை. "இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நிகழ்ச்சி சார்பில் எங்களோடு பேசச் சென்னையில் ஒரு பெண் இருந்தாள். வேகமாகப் பேசுவாள். வர முடியாது என்றால் பெற்றோர்தான் போனில் சொல்ல வேண்டும், அதைப் பதிவு செய்துகொள்வோம் என்று முன்பே சொல்லியிருந்தாள். வீதி முழுவதும் அந்தப் பேச்சைத்தான் நான் ஒத்திகை பார்த்துக்கொண்டு நடந்தேன். புள்ளைக்கு உடம்பு சரியில்லீங்க, வர முடியாதுங்க. புள்ளைக்கு உடம்பு சரியில்லீங்க, வர முடியாதுங்க.

வீட்டுக்குள் மகள் தலையில் துண்டைப் போர்த்தி ஆவி பிடித்துக்கொண்டிருந்தாள். என் செருப்புச் சத்தம் கேட்டுத் துண்டை விலக்கினாள். முகமெல்லாம் ஈரம். கண்ணால் 'என்ன?' என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் போன் அடித்தது. அந்தச் சென்னைப் பெண்தான்.

"அம்மா, சனிக்கிழமை ரிகர்சல். பொண்ணு வந்துடுவாங்கல்ல? கன்ஃபர்ம் பண்ணிக்கிறேன். இந்தக் கால் ரெக்கார்ட் ஆகுது."

நான் ஒத்திகை பார்த்த வாக்கியம் எங்கே போனது என்றே தெரியவில்லை. "சரிங்க" என்றேன். "வந்துருவாங்க. சரிங்க."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மகள் எழுந்து நின்றிருந்தாள். அந்த மூன்று நாளில் அவள் முகத்தில் நான் பார்க்காத ஒரு வெளிச்சம். இரண்டு கையையும் விரித்து மறுபடியும் கண்ணால் கேட்டாள்.

"வெள்ளை" என்றேன்.

சாமிக்கு நான் பயப்படாதவள் அல்ல. ஆனால் அந்த நிமிடத்தில் சாமியைவிட அந்தப் போன்தான் பக்கத்தில் இருந்தது. மறுபடி கூப்பிட்டு, முதலில் சொன்னது தப்புங்க என்று சொல்ல வேண்டுமே, அதையும் பதிவு செய்வார்களே என்று நினைத்ததும் போனைக் கவிழ்த்து வைத்தேன். சிவப்புப் பூவைக் கேஸ் புத்தகத்துக்குள் வைத்து அலமாரியில் மேலே தள்ளிவிட்டேன்.

அதற்குப் பிறகு இருந்த நாட்களில் எனக்குச் சோறு இறங்கவில்லை. அவள் குளிக்கும்போது மெல்ல ராகம் இழுத்தால் நான் அடுப்பை அணைத்துவிட்டு நின்று கேட்பேன். குரல் தெளிவாக வந்தாலும் பயம், கம்மினாலும் பயம். கம்பெனியில் கையகல ஓட்டை உள்ள பீஸை நல்ல பீஸ்களின் கட்டோடு சேர்த்து வைத்துவிட்டேன். பக்கத்து மேசைக்காரி அதைத் தூக்கி அதன் வழியாக என்னைப் பார்த்து, "இத்தச்சோட்டு ஓட்டை தெரியலீங்களா? இப்பவே டிவிக்காரங்க ஆயிட்டீங்க போங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பெரியப்பாவின் மீசையில் படிந்த புழுதிதான் எனக்குத் தெரிந்தது.

இறுதிச் சுற்று அன்று சாயங்காலம் எங்களை மேடைக்கு முன்னால் முதல் வரிசையில் உட்கார வைத்தார்கள். அன்று காலைதான் ஊர் வந்து சேர்ந்த வீட்டுக்காரர் வெள்ளை வேட்டியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். எங்கள் முகத்துக்கு நேராக ஒரு கேமரா. ஐந்து பேருக்கும் ஆளுக்கு இரண்டு பாட்டு. முதல் பாட்டு மெதுவான பாட்டு. மகள் அதை நன்றாகவே பாடினாள். பின்னால் எங்கள் கம்பெனிக் கூட்டம் விசில் அடித்தது. ஆனால் கடைசி வரியில் குரல் மேலே ஏறி இறங்கும் இடத்தில், ஒரு நொடி, துணியில் நூல் இழுபட்டது போல ஒன்று கேட்டது. நடுவர்கள் தலையாட்டிக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்காரர் கைதட்டிக்கொண்டிருந்தார். வேறு யாருக்கும் அது கேட்கவில்லை.

அடுத்த பாட்டு முழுக்க மேலேயே நிற்கும் பாட்டு.

நான் எழுந்தேன். மேடைக்குப் பக்கவாட்டில் துணி கட்டிய வழியில் நுழைந்தபோது அந்தச் சென்னைப் பெண் காதில் மாட்டிய கருவியோடு ஓடி வந்தாள்.

"அம்மா, அம்மா, எங்க போறீங்க? உங்க ரியாக்‌ஷன் வேணும், சீட்ல உக்காருங்க. போங்கம்மா, ப்ளீஸ்."

"இல்லீங்க" என்றேன்.

அவள் என் கையைப் பிடித்தாள். நான் இன்னொரு முறை "இல்லீங்க" என்றேன். வாய் அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டது. அவள் கையை விட்டுவிட்டாள்.

மகள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்திருந்தாள். ஒருவர் அவள் நெற்றியில் பவுடர் ஒற்றிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"கண்ணு, வெள்ளை வரலை. செவப்புத்தான் வந்துச்சு. நாந்தான் பொய் சொல்லிப்போட்டேன்."

பவுடர் ஒற்றியவரின் கை நின்றுவிட்டது. மகள் திரும்பாமல் கண்ணாடியிலேயே என்னைப் பார்த்தாள். பாட்டுக்காகக் குரலைச் சேமித்து வைத்திருந்தாள். உதடு மட்டும் அசைந்தது. ஏன்?

"போனு வந்துருச்சு கண்ணு" என்றேன். அதைச் சொல்லும்போதே அது எவ்வளவு அற்பமான பதில் என்று எனக்குத் தெரிந்தது.

அதற்குள் அவளை மேடைக்குக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்தாள். என்னைத் தாண்டித்தான் போக வேண்டும். என் மேல் படாமல் ஒதுங்கிப் போனாள். நேராக மைக்குக்குப் போகவில்லை. கீபோர்டு வாசிப்பவரிடம் போய் இரண்டு விரலைக் காட்டிக் கையைக் கீழே இறக்கினாள். அவர் திடுக்கிட்டதை நான் துணி இடுக்கில் பார்த்தேன்.

"சுருதிய ரெண்டு கட்டை எறக்கறதா? இப்பவா? லைவ் போயிட்டிருக்கும்மா. பாட்டே உக்காந்துரும்."

அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அவர் தலையில் அடித்துக்கொண்டு மற்றவர்களுக்குச் சைகை காட்டினார்.

அந்தப் பாட்டைத் தாழ்வாகப் பாடினாள். ஒரு இடம்கூடப் பிசகவில்லை. ஆனால் எல்லோரும் காத்திருந்த அந்த உச்ச வரியில் கூட்டம் கத்தவில்லை. எழுந்து நிற்கத் தயாராக இருந்தவர்கள் அப்படியே உட்கார்ந்துவிட்டார்கள். "ரொம்ப ஜாக்கிரதையா பாடிட்டீங்க" என்றார் ஒரு நடுவர். பாராட்டாக அவர் சொல்லவில்லை. நான் நூல் இழுப்பு கேட்கிறதா என்று மட்டுமே கேட்டுக்கொண்டிருந்தேன். கேட்கவில்லை.

நான்காம் இடம். வேறு மாவட்டத்து இளைஞர் ஒருவர் ஜெயித்தார். வண்ணக் காகிதம் மேலிருந்து கொட்டியபோது மகளும் அவருக்குக் கைதட்டினாள். அவருடைய அம்மா அழுதுகொண்டே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் ஏதாவது கேட்டுவிடுவாரோ என்று எனக்கு அப்போதும் பயம்.

மறுநாள் கம்பெனியில் பக்கத்து மேசைக்காரி, "மொதப் பாட்டு மாதர ரெண்டாவது இல்லீங்களே அம்மணி. யாரு கண்ணு பட்டுச்சோ?" என்றாள். நான் துணியைத் திருப்பிக்கொண்டிருந்தேன்.

டாக்டர் மறுபடியும் இரண்டு வாரம் பேசக் கூடாது என்றார். அவைதான் எனக்கு மோசமான நாட்கள். முன்பெல்லாம் அவள் போனில் எழுதி என்னிடம் நீட்டிக்கொண்டே இருப்பாள். இப்போது தண்ணீர் வேண்டுமென்றால் அவளே எழுந்து போனாள். டாக்டர் சொன்னதற்காகப் பேசாமல் இருக்கிறாளா, என் மேல் கோபத்தில் இருக்கிறாளா என்று கண்டுபிடிக்க வழியே இல்லை. கேட்கவும் பயம். கேட்டால் பதில் சொல்ல வாயைத் திறந்துவிடுவாளே.

அந்த வாரத்தில் ஒரு நாள் வீட்டுக்காரர் சிலிண்டர் பதிவு செய்யக் கேஸ் புத்தகத்தை எடுத்தார். காய்ந்த செவ்வரளி தரையில் விழுந்தது.

"இதென்ன?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பூவைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார். கத்துவார் என்று நினைத்தேன்.

"எனக்கு ஒரு போன் போட்டிருந்தா நான் அவங்ககிட்டப் பேசியிருப்பனே, அம்மணி."

"உங்களுக்குப் போடறதுக்கும் போனைத்தானுங்களே எடுக்கோணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. உள் அறையில் மகள் கட்டிலில் திரும்பிப் படுக்கும் சத்தம் கேட்டது.

இரண்டு வாரம் முடிந்து டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். வீக்கம் வடிந்துவிட்டது, ரத்தக்கட்டு ஒன்றும் இல்லை என்றார். தினமும் ஐந்து நிமிடம் மட்டும் பேசலாம், பாட்டு அடுத்த மாதம் பார்க்கலாம். திரும்பும் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் அவள், பக்கத்தில் நான். கருமத்தம்பட்டி தாண்டும் வரை அந்த ஐந்து நிமிடத்தில் ஒரு நொடியைக்கூட அவள் எடுக்கவில்லை. என் பையின் கைப்பிடியை நான் முறுக்கிக்கொண்டே இருந்தேன்.

"அம்மா."

திரும்பினேன்.

"இனிமேப் பூக் கேக்கறதுன்னா நானும் வாரேன். நானே எடுக்கறேன்."

"சரி கண்ணு" என்றேன்.

கோபமாகச் சொன்னாளா, சாதாரணமாகச் சொன்னாளா என்று எனக்குத் தெரியாது. அந்த இரண்டு வாக்கியத்திலும் எங்காவது நூல் இழுபட்டிருக்கிறதா என்றுதான் நான் காது கொடுத்துக் கேட்டேன். பஸ் இரைச்சலில் சரியாகப் பிடிபடவில்லை. இன்னொரு முறை சொல்லச் சொல்லலாம் என்று வாய் வரை வந்தது. ஐந்து நிமிடத்தில் குறைந்துவிடுமே என்று சும்மா இருந்துவிட்டேன்.